புணானை வழியில் சொன்ன பொய்

என் மனைவி கருவுற்றிருக்கிறாள் என்று ஒரு பஸ் நிறைந்த சனத்தின் முன்னால் பொய் சொன்னேன். என் மானத்தைக் காக்கத்தான் சொன்னேன்!

எனக்குப் பெருங்குடலில் தீராத அழற்சி. வந்தால் அடக்க முடியாது, இரத்தமும் போகும். களுவாஞ்சிக்குடியில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியன் நான். மனைவி சுகந்தியைத் தவிர எவரும் இதை அறியார். கொழும்பு கிளினிக்குக்குப் புறப்படும் முதல்நாளே உணவை நிறுத்திவிடுவேன். பையில் மாற்று உடுப்பு, தண்ணீர்ப் போத்தல், பழைய துணி... வழியில் எங்கெங்கே மலசலகூடம் உண்டென்பது மனப்பாடம். அப்படியும் பயம் விடுமா?

அன்று பகல் பஸ், சுகந்தியும் கூட வந்தாள். வாழைச்சேனை கடந்து புணானைக் காட்டுப் பாதையில் ஏறியதும் வயிறு முறுக்கியது. வியர்த்துக் கொட்டியது. கொண்டக்டரிடம் எழுந்து போனேன்.

"தம்பி, பஸ்ஸக் கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"ஆருக்கு என்ன சேர்?"

எல்லோரும் திரும்பினார்கள். அவர்களில் என் பழைய மாணவி ஒருத்தி...

"மனிசிக்கு... அவ புள்ளத்தாச்சி."

எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? ஒரு குழந்தைக்காகக் கோயில் கோயிலாக, வைத்தியர் வைத்தியராக அலைந்தவளை வைத்தா அதைச் சொல்வேன்?

சுகந்தி என்னைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

தெருவோரத் தேநீர்க்கடையின் பின்னால் கழிப்பறைக்குள் நான். வெளியே காவலாக அவள்.

திரும்பி ஏறியபோது பெண்கள் முன் இருக்கையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் தவமணி மாமி, முகர்ந்து பார்க்கத் தேசிக்காய் நீட்டினார்.

"எத்தின மாசம் புள்ள?"

"மூணு மாமி."

கொழும்பு வரை சுகந்தியின் கை வயிற்றின் மேலேயே இருந்தது. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்... கோழை!

சில வாரங்கள் கழித்து மாமி மாதுளம்பழங்களோடு வீட்டுக்கு வந்தார். நான் அறைக்குள் இருந்தேன். போ, இப்போதாவது போய் உண்மையைச் சொல்... கதவோரம் வரை போய் நின்றுவிட்டேன்.

"புள்ள தங்கல்ல மாமி," என்றாள் சுகந்தி.

மாமி அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். சுகந்தியும் அழுதாள். வாய்விட்டு, மூச்சுத் திணற... அது நடிப்பில்லை. இல்லாத பிள்ளைக்காக ஒருத்தி அப்படி அழ முடியுமா என்று கேட்காதீர்கள்! சுவருக்கு இப்பால் நின்று அந்த அழுகையை நான் கேட்டேன்.

மாமி போனபின் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

"இனிக் கிளினிக்குக்கு நீங்க தனியப் போங்க. நான் வரல்ல," என்றாள். அவ்வளவுதான்.

நாளை நான் புறப்பட வேண்டும். வழியில் முறுக்கினால் யாரைக் காட்டுவேன்? 'எனக்குத்தான் வயித்து வருத்தம், பஸ்ஸ நிப்பாட்டுங்க.' அறைக்குள் மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன். திரும்பத் திரும்பச் சொல்கிறேன்...

அடுக்களையில் சுகந்தி நிற்கிறாள். என் குரல் தானாகத் தாழ்கிறது. நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது எவ்வளவு சிறிய வாக்கியம் என்று அவளுக்குக் கேட்டுவிடுமே!