ஐம்பத்தெட்டாவது பெயர்

அந்த முதியோர் இல்லத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருமில்லை. தொண்ணூறு வயதுக்காரரும் ‘பெரியக்கா’ என்பார். நேற்று வேலைக்குச் சேர்ந்த ஆயாவும் ‘பெரியக்கா’ என்பாள்.

இருபத்திரண்டு வருஷங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்கள் சபைப் படிக்கட்டில் ஒரு முதியவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். மடியில் ஒரு துணிப்பை. சாயங்காலம் வரை அவரைத் தேடி யாரும் வரவில்லை. போதகர் தன் வீட்டின் பின்பக்கத்து அறைகள் இரண்டை ஒழித்து நான்கு கட்டில் போட்டார். அப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த பெரியக்கா, விடுமுறை நாட்களில் வந்து அந்த முதியவரைக் குளிப்பாட்டி, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டாள். மூன்றாவது மாதம் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு அங்கேயே சேர்ந்துவிட்டாள்.

நான்கு கட்டில் பன்னிரண்டாயிற்று. மாடி எழும்பியது. அடுத்த ஊரில் ஒரு கிளை, அதற்கப்பால் இன்னொன்று. இன்றைக்கு ஐந்து இல்லங்கள், இருநூற்று நாற்பது கட்டில்கள். இருந்தும் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஓர் இல்லம் திறந்தால் காத்திருப்போர் பட்டியல் இரண்டு பக்கம் நீளும்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு விதி உண்டு. கமிட்டிக்காரர் வீட்டு ஆளானாலும் ஊழியர் வீட்டு ஆளானாலும் வரிசையைத் தாண்டக் கூடாது. ஆரம்ப நாட்களில் செயலாளர் தன் அத்தையைப் பின்வாசல் வழியாகச் சேர்க்கப் பார்த்தபோது, சண்டை போட்டு அதை எழுத வைத்தவளே பெரியக்காதான். வாசலில் கைவிடப்பட்டவர்களுக்கு மட்டும் வரிசை கிடையாது. ஒவ்வோர் இல்லத்திலும் அவர்களுக்கென்று ஒரு கட்டில் காலியாக இருக்கும். அப்படி யாராவது வந்தால் எந்தக் கிளையிலிருந்தும் பெரியக்காவுக்குத்தான் போன் வரும். “உள்ள கூட்டிட்டுப் போ” என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்து விட்டவர்களைத் திட்டித் தீர்ப்பாள். “நெஞ்சுல ஈரம் இருக்கறவன் செய்ற வேலையா இது?”

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நான்காம் வருஷம் அவருக்கு மறதி வந்தது. முதலில் செருப்பை ஃபிரிட்ஜுக்குள் வைத்தார், இருவரும் சிரித்தார்கள். பிறகு ஊரெல்லாம் வண்டி ஓட்டிய மனிதருக்குச் சொந்தத் தெரு மறந்தது. கடைசியில் பெரியக்காவும் மறந்துபோனாள். அவளைத் தன் கண்டக்டர் என்று நினைத்துக்கொண்டார்.

“கண்டக்டர், ரைட் குடுங்க. டைம் ஆச்சு.”

“ரைட், போலாம்” என்று அவள் சொன்னால்தான் வாயில் வைத்த சோற்றை விழுங்குவார்.

பார்த்துக்கொள்ள வைத்த இரண்டு ஆட்களும் நிற்கவில்லை. ஒருவரை அவர் கை நீட்டி அடித்துவிட்டார். வெளிநாட்டிலிருந்த மகன் போனில், “அங்க எல்லாமே நீதானம்மா. அப்பாவை அங்கயே சேத்துடேன்” என்றான். அவள் அவர் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் பதிந்தாள். ஐம்பத்தெட்டாவது பெயர்.

ஒரு கட்டில் காலியாக வேண்டுமென்றால் ஒருவர் சாக வேண்டும். மூன்றாம் அறை டீச்சரம்மாவுக்கு மூச்சு இழுத்தபோது, உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டே ‘ஐம்பத்தேழு’ என்று பெரியக்காவின் மனசு எண்ணிவிட்டது. குளியலறைக்குப் போய் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அன்றைக்குப் பிறகு எந்தக் கட்டிலருகே நின்றாலும் அந்த எண்ணம் வந்தது. விரட்டினாலும் போகவில்லை.

பகலில் அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். ஒருநாள் திரும்பி வந்தபோது கதவின் உள்பக்கமெல்லாம் ரத்தம். தட்டித் தட்டி அவருடைய விரல் முட்டிகள் கிழிந்திருந்தன. கட்டுப் போட்டு முடித்தாள். அப்போதுதான் அந்த முடிவுக்கு வந்தாள்.

ஐந்தாவது இல்லம் புதிது. இரண்டு மணி நேரப் பயணம். அங்கே இருந்தவர்களுக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. காயம் ஆறியதும் ஒரு காலையில் அவருக்குச் சவரம் செய்து, நகம் வெட்டி, மாத்திரைகளை வேளைவாரியாக மடித்துப் பையில் வைத்தாள். “டியூட்டி இருக்குங்க, வாங்க” என்றதும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார்.

இல்லத்தின் வாசல் பெஞ்சில் அவரை உட்கார வைத்தாள்.

“வண்டி எங்க?”

“வந்துடும். நான் டிக்கெட் கட்டு வாங்கிட்டு வரேன்.”

திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து, எதிரே மூடியிருந்த கடைப் படியில் உட்கார்ந்தாள். அரைமணி கழித்து, வாசல் காவல் பார்க்கும் கேட் அம்மா வெளியே வந்தாள், அவரிடம் குனிந்து பேசினாள், பையைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். பெரியக்காவின் போன் அடித்தது.

“பெரியக்கா, அஞ்சாவது ஹோம்லேருந்து பேசறேன். வாசல்ல ஒரு ஐயாவை விட்டுட்டுப் போயிட்டாங்க.”

பெரியக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அக்கா, கேக்குதா?”

“சொல்லு.”

“டிரைவர்ங்கறார். நகமெல்லாம் வெட்டி அவ்வளவு சுத்தமா இருக்கார். மாத்திரைகூட மடிச்சு வச்சிருக்கு. யாரோ கண்ணு மாதிரி பாத்துக்கிட்டிருக்காங்க அக்கா. திட்ட வாயே வரல. கண்டக்டர் வந்தாத்தான் எந்திரிப்பேன்னு ஒரே அடம். உள்ள கூட்டிட்டுப் போகட்டுமா?”

‘ம்’ என்றால் போதும். அது வரவில்லை. எதிர்ப்பக்கத்தில் அவர் கழுத்தை எட்டி எட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து நேராக ரோட்டைக் கடந்தாள். ஒரு லாரி பிரேக் போட்டு நின்று ஏசிவிட்டுப் போனது.

“ரைட், போலாம்,” என்றாள்.

அவர் உடனே எழுந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் கேட் அம்மா போனைக் காதிலிருந்து மெல்ல இறக்கினாள். பையை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் பெரியக்கா அவரையும் அழைத்துக்கொண்டு போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். போதகர் பட்டியலை எடுத்துப் பிரித்தார்.

“இவரை இன்னிக்கு சேத்துக்கிட்டா, முன்னால இருக்கற அத்தனை பேருக்கும் நான் என்னம்மா பதில் சொல்றது?”

“சேத்துக்கச் சொல்லி வரல ஐயா. அந்த போனை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. நான் வேலையை விட்டுடறேன்.”

போதகர் ஜெபம் செய்தார். அவளும் கண்ணை மூடினாள். உள்ளே ஒரு வார்த்தை கூட எழவில்லை.

இப்போது ஆறாவது இல்லத்துக்குக் கூரை போட்டாயிற்று. பட்டியலில் வீட்டுக்காரர் பெயர் நாற்பத்தொன்றில் நிற்கிறது. தூக்கிக் கிடத்தும்போதெல்லாம் அவளுக்கு இடுப்பு விட்டுப்போகிறது. ஒரு மத்தியானம் அவர் தோளில் ஓங்கி அடித்துவிட்டாள். பிறகு அந்த இடத்தைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் ஸ்டாப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வாரம் யாரோ கதவைத் தட்டினார்கள். கேட் அம்மா. அவளுக்கு அன்று வார விடுமுறை.

“நீங்க போய்ப் படுங்க அக்கா. நான் ஐயாகூட இருக்கேன்.”

“நீ எதுக்கும்மா இவ்வளவு தூரம்…”

“படுங்கன்னேன்ல.”

பெரியக்கா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். கூடத்தில் அவர் புதுக் கண்டக்டரிடம், ஏன் லேட் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கேட் அம்மா ஏதோ சமாதானம் சொன்னாள். அது என்னவென்று காதில் விழுவதற்குள் பெரியக்கா தூங்கிப்போனாள்.