சேர்மன் வீட்டு சார்ஜர்

மும்பை செம்பூர் திலக் நகரில் ஒரு தரைத்தள வீட்டில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள் சந்திரலேகா. இரண்டு காதும் மந்தம்; காது மிஷின் வைத்திருந்தாள். போன் வந்தால் அதில் ஒரு பொத்தானை அழுத்துவாள், பேசுவது நேராகக் காதுக்குள் விழும். சூரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் ஜான்சியின் குரல் தினமும் அப்படித்தான் வந்தது.

அந்தக் குடியிருப்பின் சொசைட்டி சேர்மன் தங்கபாண்டி மளிகை மொத்த வியாபாரி. எலக்ட்ரிக் கார் வாங்கியவர், எங்கோ மலிவாக அகப்பட்ட சார்ஜரை அவள் ஜன்னலுக்கு வெளியே சுவரில் மாட்டினார். அன்றிலிருந்து ஜான்சி பேசினால் ‘கிர்ர்’ என்ற இரைச்சல்தான் கேட்டது. கார் வெளியே போனால் இரைச்சலும் போய்விடும்.

அவரிடமே போய்ச் சொன்னாள்.

“காது கேக்கலன்னா காரு என்ன செய்யும்க்கா? டாக்டர்ட்ட காட்டுங்க. காசு வேண்டாம், ஃபுகட்ல யோசனை சொல்லுதேன்” என்றார்.

கூட இருந்த சொசைட்டி கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவர் காரில் ஓசியில் ஒரு ரவுண்டு போய்வந்த விசுவாசம் முகத்தில் வழிந்தது. இதுகளுக்கு மூளை எதற்கு, ஆட்டுவதற்குத் தலை இருந்தால் போதாதா என்று நினைத்தபடி திரும்பினாள்.

குடியரசு தினத்துக்குக் கொடியேற்ற வார்டு கவுன்சிலரான கார்ப்பரேட்டர் வந்தார். அவர் கண்ணில் படட்டும் என்று தங்கபாண்டி காரைச் சார்ஜில் போட்டு, அதை ஒட்டியே மேடை போடச் சொல்லியிருந்தார். தாராவியிலிருந்து மைக்செட் கொண்டுவந்த வேல்ராஜும் அங்கிருந்த பிளக்கிலேயே கரண்ட் எடுத்தான்.

“பெரியோர்களே” என்று சேர்மன் தொடங்கியதும் ஸ்பீக்கர் உறுமியது. மைக்கைத் தட்டினார், இன்னும் உறுமியது. கார்ப்பரேட்டர் கடிகாரம் பார்த்தார்.

“என்னலே இது, பழைய சாமான் விக்கிற பங்கார் கடையில பொறுக்கினியா?” என்று சேர்மன் வேல்ராஜ்மேல் பாய்ந்தார். கமிட்டியும் கூடவே பாய்ந்தது. அவன் ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினான்.

முதலில் சந்திரலேகாவுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பையன் ஏச்சு வாங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழுந்து போய்ச் சார்ஜரின் சுவிட்சைத் தட்டி அணைத்தாள். உறுமல் அடங்கியது.

“செவிடு நான்தான அண்ணாச்சி? இப்ப எல்லாருக்கும் கேட்டுச்சுல்லா?”

சேர்மனுக்கு முகம் கறுத்துவிட்டது.

மறுநாளே அந்தச் சார்ஜரைக் கழற்றி, பின்சுவரில் நல்ல கம்பெனி சார்ஜர் வைத்தார்கள். அவள் போய்ச் சொன்னபோது அசையாதவர், தன் பேச்சு கெட்டதும் அசைந்தார். சாயங்காலம் ஸ்வீட் பெட்டியோடு வேறு வந்தார்.

“இப்படின்னு வெளங்கச் சொல்லியிருந்தா அப்பமே மாத்தியிருப்பேன்க்கா.”

அவள் பெட்டியைத் தொடவில்லை. தையலிலிருந்து தலையும் நிமிரவில்லை.

“போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க” என்றாள்.