பாலிக் புலாவ் மலையில் கொதித்த கார்

கொதிக்கும் இன்ஜினுக்கு முன்னால் குனிந்து, ரேடியேட்டரின் அடியில் உள்ளங்கையை வைத்தபடி மெக்கானிக் அண்ணன் நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதையின் ஒரு வளைவு அது. ஆவி சீறிக்கொண்டிருந்தது. அவரோ கையை எடுக்கவேயில்லை. “இங்க சில்லுனு இருக்கு டீச்சர்,” என்றார்.

எழுபதுகளின் கடைசி. தன் நாட்டுக்கே திரும்பிப் போன வெள்ளைக்காரத் தோட்ட மேனேஜர் ஒருவரிடம் நான் வாங்கிய, இரண்டே பேர் உட்காரக்கூடிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கு அதில்தான் போய்வந்தேன். கல்யாணமாகாத பெண்ணுக்கு இப்படியொரு கார் எதற்கு என்று உறவெல்லாம் கேட்டது. தோட்டத்து ஆபீஸில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவோ, வண்டி கொதிப்பது நான் ஓட்டுகிற லட்சணத்தால்தான் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். இன்னொரு தடவை கொதித்தால் விற்றுவிட வேண்டும், டவுன் பள்ளிக்கு மாற்றல் கேட்க வேண்டும் என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அண்ணன் கைராசிக்காரர். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இரண்டு கார்புரேட்டர்களின் வாயிலும் மாறிமாறிப் பிடிப்பார். இரண்டும் ஒரே மாதிரி மூச்சுவிடும்வரை திருகாணியை நகக்கண் அளவு திருப்பிக்கொண்டே இருப்பார். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட அப்படிக் காதுகொடுத்துப் பாடம் கேட்டதில்லை. ரேடியேட்டரைக் கழுவினார், பெல்ட்டை மாற்றினார், டைமிங்கைச் சரிபார்த்தார். அப்படியும் கொதித்ததால்தான் அன்று என்னோடு மலையேறி வந்தார்.

இன்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டர் குளிர்ந்திருக்கிறது என்றால், சுடுதண்ணீர் அங்கே வந்து சேரவில்லை என்று அர்த்தம். கையைத் துடைத்துக்கொண்டு காரைத் தட்டிக்காட்டி, “காடிமேல குத்தமில்ல டீச்சர். நான் செஞ்ச வேல,” என்றார். முதன்முதலில் வண்டி பட்டறைக்கு வந்தபோது தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டவர் அவர்தான். “குளிர் ஊர்க்காரன் வெச்சது, நம்ம வெயிலுக்கு எதுக்கு லா?” என்று எல்லாப் பட்டறையிலும் செய்ததுதான். பல வண்டிகள் அதைப் பொறுத்துக்கொண்டன. இந்த இன்ஜினில் மட்டும், சூடு ஏறியதும் தண்ணீரின் குறுக்குவழியை அடைத்து ரேடியேட்டருக்குத் திருப்பிவிடுவது அந்தத் தெர்மோஸ்டாட்டின் சின்ன மூடிதான். அது இல்லாததால் கொதிநீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தது.

மறுநாள் புதிதாக ஒன்றை மாட்டினார், கொதிப்பு அடங்கியது. அதோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காராமல், நடந்ததை அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

“பேசாமல் அந்தச் சாமானைப் பூட்டிப்போட்டுப் போயிருக்கலாமே. ஏன் என்னட்டை வந்து சொல்லுறீர்?” என்றார் அப்பா.

“டீச்சருக்கு ஓட்டத் தெரியலன்னு சொன்னீங்களாம். அவங்க நல்லாத்தான் ஓட்டுறாங்க ஐயா.”

அப்பா என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. விற்கிற பேச்சை மட்டும் அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

பல வருடம் கழித்து, தலைமையாசிரியையாக இருந்தபோது ஒரு மாணவியின் மதிப்பெண்ணைத் தவறாகக் கூட்டிவிட்டேன். கணக்கில் தோற்றுவிட்டாள் என்று வீட்டில் ஒரு மாதம் வசைபாடியிருக்கிறார்கள். தவறு தெரிந்ததும் திருத்தி, வேறு மதிப்பெண் அட்டை கொடுத்தனுப்பினேன். அவள் வீடு பள்ளிக்குப் பின்தெருவில்தான் இருந்தது. நான் போகவில்லை.