ஞானம்பிகை தனியாக மலையேறியது

ஞானம்பிகைக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்து நான்கு வருடங்களை இத்தாலியின் பலெர்மோவில் மற்றவர்களின் வீடுகளைத் துடைத்துக் கழித்திருக்கிறார். காலையில் ஒரு சிஞ்ஞோரா (வீட்டுக்கார அம்மா), மத்தியானம் இன்னொரு சிஞ்ஞோரா. இருவருமே அவர் துடைக்கும் அறைக்குள் வந்து நின்றுதான் கதைப்பார்கள். மாலையில் பல்லரோச் சந்தைக்குப் பின்னாலுள்ள மூன்றாம் மாடி வீடு: கணவர், இரண்டு பிள்ளைகள், கணவரின் தம்பி, தம்பியின் தொலைக்காட்சி. குளியலறையைப் பூட்டிக்கொண்டாலும், அகப்பை எங்கே என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்பார்கள். இப்படிப்பட்டவர் ஒரு முழு நாள் தனியாக இருக்க ஆசைப்பட்டார்.

இடமும் பார்த்து வைத்திருந்தார். பகேரியாவுக்கு அப்பால் ஒரு மொட்டை மலை. உச்சியில் இரண்டாயிரம் வருடத்துப் பாழ் நகரம். யாரோ கட்டி, யாரோ பிடித்து, கடைசியில் எல்லோரும் விட்டுவிட்டுப் போனது. ஜூலையில் அங்கே பச்சையாக ஒன்றும் இராது. பாலைவனத்தைக் கொண்டுவந்து சரித்து வைத்தது போலிருக்கும்.

"ஞாயிற்றுக்கிழமை நான் மலையேறப் போறன். தனிய."

கணவர் விக்னராஜா கோப்பியைக் கீழே வைத்தார். "என்ன நேர்த்திக்கடன்?"

"ஒரு நேர்த்தியும் இல்லை. சும்மா."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை. இரண்டாயிரம் வருசமா ஒருத்தருமில்லை."

"பிறகேன் போறீர்?"

"அதுக்குத்தான்."

விக்னராஜாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஈழத்து ஆட்கள் மலையேறத் தெரியாதவர்கள் அல்ல. பெல்லெக்ரினோ மலைக்கு, ஊரைக் காக்கும் கத்தோலிக்கப் புனிதை சாந்தா ரொசாலியாவிடம், நெற்றி நிறையத் திருநீற்றோடு வெறுங்காலில் ஏறுகிறார்கள். குன்றென்றால் குமரன் என்று வளர்ந்தவர்களுக்கு, குமரன் இல்லாத ஊரில் ரொசாலியா அந்த வேலையைப் பார்ப்பதில் ஆட்சேபனை கிடையாது. ஆனால் ஒருவருமே இல்லாத மலைக்கு ஏறுவது, கலியாணம் இல்லாத மண்டபத்துக்குப் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு போவது மாதிரி.

கீழ்வீட்டுப் பரமேஸ்வரி படியிலேயே மறித்தார். "தனியப் போறியளாம்? விசரே அக்கா? நானும் வாறன்."

வெள்ளிக்கிழமைக்குள் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். வாடகைக்கு ஒரு வான் வண்டியும் ஒழுங்காகிவிட்டது. புட்டா இடியப்பமா என்பதில் மட்டும் இழுபறி.

அப்போதுதான் ஞானம்பிகை தன் வாழ்நாளின் ஆகச் சிறந்த பொய்யைச் சொன்னார். "அது மௌன விரதம். தனியத்தான் ஏறவேணும். போனும் எடுக்கக் கூடாது."

சும்மா போகிறேன் என்ற உண்மையை ஒருவரும் நம்பவில்லை. பொய்யைக் கைகூப்பி ஏற்றுக்கொண்டார்கள். வான் பயணம் நின்றுபோனது. பரமேஸ்வரி மட்டும் காதுக்குள் வந்தார்.

"எங்கட பெடியன் சதீஸ் லைசென்ஸ் சோதினையிலை மூண்டு தரம் பெயில். அதையும் ஒருக்காக் கேட்டுவிடுங்கோ."

"வாய் திறக்கேலாதெல்லோ. எப்பிடிக் கேக்கிறது?"

"மனசுக்குள்ளை கேளுங்கோவன்!"

ஞாயிறு காலை கறுப்புக் குடை, மகளின் பழைய சப்பாத்து, மூன்று போத்தல் தண்ணீரோடு ஏறினார். அந்த மலையில் மொத்தம் இரண்டு மரங்கள், இரண்டும் அடிவாரத்தில். மூன்றாவது வளைவில் ஒரு கல்லில் குந்தி, பதினொரு பேரில் ஒருவராவது வந்திருந்தால் இந்தப் பையைத் தூக்கியிருப்பார் என்று நினைத்தார். உடனே தன்னைத் தானே ஏசிக்கொண்டு எழுந்தார்.

உச்சியில் தூண்கள், ஒரு தெரு, கூரை போன வீடுகள். தரைகளைத் தொழில்முறைக் கண்ணால் பார்த்தார். சின்னச் சின்னக் கற்களை நெருக்கிப் பதித்த தரை. இடுக்கில் அழுக்குத் தங்காது. கட்டினவனுக்குத் துடைக்கிறவளைப் பற்றியும் யோசனை இருந்திருக்கிறது. கீழே கடல். ஆளரவமே இல்லை.

ஐந்து நிமிடம் மௌனமாக இருந்தார். பிறகு வாயைத் திறந்தவர் முக்கால் மணி நேரம் மூடவில்லை. காலைச் சிஞ்ஞோராவின் பூனைகள் முதல் மைத்துனரின் தொலைக்காட்சி வரை ஒன்றும் தப்பவில்லை. கடைசியில் ஒரு தூணைக் கணவராக நினைத்து மறித்து நின்று, "புட்டுக் காய்ஞ்சு போச்செண்டால் நீங்களே அவிச்சுத் தின்னுங்கோவன்!" என்று கத்தினார். தூண் எதிர்த்துப் பேசவில்லை. அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

"அதுக்கு அண்ணை என்ன சொன்னவர் அக்கா?"

சுவருக்குப் பின்னால், பாயில் படுத்திருந்தபடி ஒருவர் கேட்டார். நகுலேஸ்வரன், வன்னி ஆள். கிழமை நாட்களில் அங்கே முட்பற்றை வெட்டுகிறவர்.

ஞானம்பிகை கணக்குப் போட்டார். இவர் ஒரு சொல் சொன்னால் போதும், பொய் கிழியும். அடுத்த ஞாயிறு வானும் புட்டும் வரும்.

"ஞாயிற்றுக்கிழமையும் வேலையோ தம்பி?"

"வீட்டிலை அப்பிடித்தான் சொல்லியிருக்கிறன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நான் இஞ்சை கதைச்சதை ஆருக்கும்..."

"நான் ஆருக்கக்கா சொல்லுறது? சொன்னால் நான் இஞ்சை படுத்துக் கிடந்ததெல்லோ தெரிஞ்சுபோம். உங்களுக்கு எந்தப் பக்கம் வேணும்?"

நியாயப்படி இந்த இடத்தில் ஒரு வேலிச் சண்டை வந்திருக்கவேண்டும். வரவில்லை. தெருவை எல்லையாக வைத்து, கடல் பக்கத்தை ஞானம்பிகை எடுத்துக்கொண்டார். நகுலேஸ்வரன் பாயைச் சுருட்டிக்கொண்டு மறுபக்கம் போனார். சற்று நேரத்தில், தன் மாமியாரைப் பற்றி ஏதோவொரு சுவரிடம் அவர் முறையிடுவது மெல்லக் கேட்டது.

ஞானம்பிகை காது கொடுக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி, குடையை விரித்து முகத்துக்கு நிழல் வைத்து, வேறு யாரோ எப்போதோ துடைத்த தரையில் மல்லாந்து படுத்தார். நாலரை பஸ் வரைக்கும் அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.