மெட்ராஸுக்குப் போக மேற்கே ஒரு பயணம்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு தங்கச் சுரங்க ஊரான எங்கள் ராபர்ட்சன்பேட்டை பஸ் நிலையத்தில் பெங்களூர் பஸ்ஸுக்கு நின்றபோது, என் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மெட்ராஸ் கிழக்கால இருக்குது. நாம இன்னாத்துக்கு மேற்கால போறோம்?"

விமானம் அங்கேதான் ஏற முடியும் என்றேன். 1998இல் எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். ஸ்டெல்லாவின் தம்பி வில்சனுக்கு மஸ்கட்டில் வெல்டர் வேலை கிடைத்திருந்தது. விசாவுக்காகச் சென்னையில் காத்திருந்தவன், அன்று இரவே புறப்படுவதாக ஏழரை மணிக்குத்தான் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தான். தாய் இறந்தபோது அவனுக்கு நான்கு வயது; அவனை வளர்த்தவள் ஸ்டெல்லா. காலை ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டியிருக்கும். நேர் பஸ் இரவில்தான். மாலை ரயில் போய்ச் சேர்வதற்குள் அவன் விமான நிலையத்துக்குள் போய்விடுவான். ஸ்கூட்டர் வாங்கச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

கோலார், ஹொஸ்கோட்டை வழியாக நூறு கிலோமீட்டர். கே.ஆர்.புரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து, பன்னிரண்டு மணிக்கு விமான நிலையம் சேர்ந்தோம். இரண்டரை மணி விமானத்தில் இடம் இருந்தது.

ஸ்டெல்லாவுக்கு ஜன்னல் இருக்கை. எனக்கு மறுபுறம் ஒரு துணி வியாபாரி. அடிக்கடி பறப்பவராம், பெல்ட்டை மாட்டிக் காட்டினார். வான்வழியில் முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லை, ஐம்பது நிமிடத்தில் இறங்கிவிடலாம் என்றார்.

கிளம்பிக் கால்மணி ஆகியிருக்காது. ஸ்டெல்லா என் முழங்கையை அழுத்தினாள். கீழே, சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண் வெளிறிய மேடுகளாகக் கிடந்தது.

"நம்ம ஊருங்க," என்றாள். "மூணு மணி நேரம் பஸ்ல போனதை இந்த பிளேன்காரன் அதுக்குள்ள திருப்பிக் கொண்டாந்துட்டான்."

வியாபாரியும் எட்டிப் பார்த்தார். இன்னும் தங்கம் எடுக்கிறார்களா என்று விசாரித்தார். கொஞ்சம்தான் என்றேன். காபி குடித்து முடிப்பதற்குள் கடல் தெரிந்தது.

சென்னையில் வெளிநாட்டு முனையம் பக்கத்திலேயே இருந்தது. நடந்தே போனோம். வாசலில் ஒரே மாதிரி தொப்பி போட்ட பத்துப் பதினைந்து ஆட்களுக்கு நடுவே வில்சன் நின்றிருந்தான். எங்களைக் கண்டதும் பையைக் கீழே வைத்தான். ஸ்டெல்லா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி, நாங்கள் வந்த கதையைச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"எவ்ளோ நேரம்டா மஸ்கட்டுக்கு?"

"நாலு மணி நேரம்கூட ஆவாதுக்கா. நீங்க ஊட்லேர்ந்து பெங்களூர் ஏர்போர்ட் வந்த நேரம்தான்."

"அப்போ கிறிஸ்துமஸுக்கு வந்துடுவே."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ஒப்பந்தம் முடியும்வரை லீவு கிடையாது என்று என்னைப் பார்த்துச் சொன்னான். ஸ்டெல்லாவுக்கும் கேட்டது. அவனைக் கூப்பிட்டார்கள். போனான்.

மறுநாள் ரயிலில் திரும்பினோம். அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டு, விமானம் எப்படி இருந்தது, மேகம் தொடும் தூரத்திலா இருக்கும் என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் உற்சாகமாகவே பதில் சொன்னாள். மஸ்கட் எவ்வளவு தூரம் என்று ஒருத்தி கேட்டாள். நாலு மணி நேரம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"ரெண்டு வருஷம்," என்றாள் ஸ்டெல்லா.