பொட்டு வைத்த டேப்

என் மேசையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் டேப் கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கறுப்புப் பெட்டி. நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், இரண்டும் காய்ந்து வெடித்திருக்கின்றன. வைத்தவர் எங்கள் கம்பெனி ரிசப்ஷன் அக்கா. போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனிக்கு யார் போன் போட்டாலும் முதலில் அக்காவின் குரல்தான் கேட்கும். “வணக்கம், சற்று இணைப்பில் இருங்கள்” என்று பதிவு செய்து வைத்திருந்தோம். நேரில் “இன்னாபா, துன்னியா?” என்பவர் போனில் மட்டும் செய்தி வாசிப்பார். அதைச் சொல்லியே அவரை ஓட்டுவோம். ஆயுத பூஜை வந்தால் அவர் ராஜ்ஜியம்தான். லேத் மிஷினிலிருந்து என் சர்வர் ரூம் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு. கற்பூரம் காட்டியதும் எதுவானாலும் கொஞ்சமாவது ஓட்டியாக வேண்டும். “பூஜ போட்ட மிஷின சும்மா வுடக் கூடாதுபா” என்பார். வருஷா வருஷம் அடுக்கில் மேலாகவே இருக்கும் அதே டேப்புக்குப் பொட்டு வைத்து, அதை ஓட்டும் டிரைவில் தள்ளி, சர்வரில் உள்ளதையெல்லாம் டேப்பில் நகலெடுக்கும் பேக்கப் ஓட என்டரையும் அவரே தட்டுவார். யார் தடுக்க முடியும்?

அவர் போன பிறகு, முத்தாபுதுப்பேட்டையிலிருந்து அவர் வீட்டுக்காரர் வந்தார். “போட்டோ கீது நைனா. குரல்தான் இல்ல. அவ செல்லும் மழத்தண்ணில பூட்ச்சி. ஆபீஸ் போன்ல பேசுவாளே, அத எடுத்துக் குடேன்.”

போன் சிஸ்டத்தை மாற்றியபோதே அந்தப் பதிவு சர்வரிலிருந்து போய்விட்டது. இருந்தால் டேப்பில்தான். டேப்புகளையோ காயலான் கடையில் எடைக்குப் போட்டாயிற்று. இது ஒன்றுதான் மிச்சம். பொட்டு வைத்த பொருளைத் தூக்கிப்போட ஒருவருக்கும் மனசு வரவில்லை.

பரணிலிருந்து டிரைவை இறக்கினேன். அதன் தடித்த கேபிளுக்குப் புது சர்வரில் இடமே கிடையாது. அந்தக் கேபிளைச் செருக சர்வருக்குள் பொருத்தும் பழைய கார்டுக்கு அலைந்தேன். கேபிளின் கடைசியில் செருகும் சின்ன மூடிக்கும் அலைந்தேன், அது இல்லாவிட்டால் சனியன் பிடித்த சர்வர் டிரைவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அக்கா வீட்டுக்காரர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். டிரைவின் பெயர் திரையில் வந்ததும் இரண்டு பேரும் கத்தியே விட்டோம்.

டேப் ஓடியது. இருந்தது ஒரே ஒரு பேக்கப். தேதியைப் பார்த்தேன். ஆயுத பூஜை நாள், அதுவும் போன் சிஸ்டம் மாறிய பிறகு வந்த பூஜை. அன்று அக்கா தட்டிய என்டர், பழையதையெல்லாம், அதிலிருந்த அவர் குரலையும் சேர்த்து, அழித்துவிட்டு மேலே எழுதியிருக்கிறது. பொட்டு வைக்காத டேப் எதிலாவது அவர் குரல் இருந்திருக்கும். அவற்றைத்தான் எடைக்குப் போட்டோம். ஐயோ, இதை இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன்.

“அவளேவா?” என்றார். டேப்பையாவது கொண்டுபோங்கள் என்றேன். பொட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“பேசாம ஊட்ல போட்டோவா கீறா நைனா. இது வேற எதுக்கு?”

இந்த ஆயுத பூஜைக்கு, புதிதாகச் சேர்ந்த ரிசப்ஷன் பெண் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தாள். டேப்பைக் கையில் எடுத்தாள்.

“இத ஓட்டணுமா சார்?”

“ஓட்டியாச்சும்மா” என்றேன்.