மெழுகு பூசிய விரல்

என் சித்தி ஜலஜாவின் வலது கை மோதிர விரலில், நகத்தை ஒட்டி ஒரு மரு வந்தது. மிளகு அளவுதான் இருக்கும். வேறு யாருக்காவது வந்திருந்தால் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் சித்தி கொல்கத்தாவின் டாலிகஞ்சில் டிவி சீரியல்களுக்கு மேக்கப் போடுகிறவள். அந்த விரலால்தான் அவள் மற்றவர்களின் முகத்தைத் தொட வேண்டும்.

சித்தி பிறந்து வளர்ந்தது எல்லாம் லேக் கார்டன்ஸில். தமிழைவிட வங்காளம் அவளுக்குச் சரளமாக வரும், கோபம் வந்தால் வங்காளம் மட்டும்தான் வரும். கல்யாணம் நிலைக்காமல் திரும்பி வந்தவள், அன்றிலிருந்து எங்களோடு இருக்கிறாள். என் அம்மா ஜெயலக்ஷ்மி அவளுக்கு அக்கா. ஸ்டுடியோவில் சித்திக்கு முதலில் கிடைத்தது தலை அலங்கார வேலை. பெண்கள் முடியைப் பார்ப்பார்கள், ஆண்கள் முகத்தைப் பார்ப்பார்கள் என்பது அங்கே வெகுகாலம் இருந்த வழக்கம். எல்லாரும் அண்ணா என்ற பொருளில் தபன்தா என்று கூப்பிடும் மூத்த மேக்கப்காரர்தான் அவளுக்கு முக வேலையைக் கற்றுக்கொடுத்துத் தன் உதவிக்கு வைத்துக்கொண்டார். முட்டிவலி தாங்காமல் அவர் வேலையை விட்டபோது, துர்கா பூஜைக்கு முன் தொடங்கவிருந்த ஒரு புது சீரியலில் கதாநாயகி மேக்னாவின் முகத்தைச் சித்தியிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பது வயதைத் தாண்டியபின் முதல் தடவையாக அவளுக்கென்று ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி.

மரு வந்தது அந்தச் சமயத்தில்தான்.

முந்தின சீரியலில் ஓர் உதவியாளனுக்குக் கண் சிவந்திருந்தது. அவனிடமிருந்து நடிகர்களுக்கும் தொற்றி, படப்பிடிப்பே நின்றுபோனது. அதன்பிறகு அவனை எந்த யூனிட்டும் கூப்பிடவில்லை. சித்தி அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். அதனால் மருவைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் நகவெட்டியால் தானே கிள்ளி எடுத்தாள். ரத்தம் வந்தது, மருவும் முன்னைவிடப் பெரிதாக வளர்ந்தது. கடைசியில் டாக்குரியாவில் ஒரு தோல் டாக்டரிடம் போனாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டரம்மா அதை மின்சாரத்தால் சுட்டு எடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். முடி கருகுகிற வாடை வந்தது. முடிந்ததும் அவர் நிதானமாகச் சொன்னார். இன்று மட்டும் தண்ணீர் படக் கூடாது. நாளையிலிருந்து தினமும் சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, மெல்லிசாக வாஸலின் தடவி, சுத்தமான துணியால் கட்ட வேண்டும். பொருக்கு தானாக விழட்டும், பிய்க்க வேண்டாம். அதுவரை ஸ்பிரிட், வர்ணம் எதுவும் அந்த விரலில் படக் கூடாது.

"எத்தனை நாள்?" என்று சித்தி கேட்டாள்.

"மூன்று வாரம்கூட ஆகலாம். வீங்கினாலோ, வலி குறையாமல் ஏறினாலோ, அன்றைக்கே வந்துவிடுங்கள்."

ஆனால் மேக்னாவுக்கு முகத்தோற்றம் பார்க்கும் லுக் டெஸ்ட் அடுத்த திங்கட்கிழமையே இருந்தது.

"சொல்லிடேண்டி" என்றாள் அம்மா. "கொஞ்ச நாளைக்கு வேற யாராவது போடட்டும்."

"வேற ஒருத்தர் உக்காந்தா அப்பறம் எழுந்துக்க மாட்டா, அக்கா. தபன்தா எழுந்த இடத்துல நான் உக்காந்திருக்கேனே, எழுந்துப்பேனா?"

"அப்போ கையுறை போட்டுக்கோ."

"போட்டா என்னன்னு கேப்பா. கேட்டா முடிஞ்சுது."

திங்கட்கிழமை காலை சித்தி சாப்பாட்டு மேஜையில் தன் பெட்டியைத் திறந்தாள். நடிகர்களின் முகத்தில் பொய்க் காயம் செய்ய ஒரு மெழுகு இருக்கிறது. அதைக் கொஞ்சம் உருட்டி, தட்டையாக்கி, பொருக்கின் மேல் அப்பினாள். ஓரங்களைத் தோலோடு தோலாக இழைத்தாள். மேலே தன் நிறத்துக்கு வர்ணம் பூசி, ஊசி முனையால் விரல் ரேகைகூட வரைந்தாள். இரண்டு கைகளையும் அம்மாவிடம் நீட்டிக் காட்டினாள்.

"ஐயோ, எந்த விரல்னே தெரியலையேடி!"

சித்தி சிரித்தாள். அவள் செய்த மேக்கப்பிலேயே அவ்வளவு நேர்த்தியாக இன்னொன்றை நாங்கள் பார்த்ததில்லை.

லுக் டெஸ்ட் நன்றாக நடந்தது. மேக்கப் போட்டுக்கொள்ளும்போது மேக்னா கண்ணை மூடித் தூங்கிவிடுகிற ரகம். வங்காளத்தில் அக்கா என்பதற்குத் திதி, பெயரோடு சேர்த்தால் வெறும் 'தி'. "ஜலஜாதி, உங்க கை பட்டாலே தூக்கம் வருது" என்றாளாம். வீட்டுக்கு வந்து சித்தி அதை எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கில்லை.

படப்பிடிப்பு தொடங்கியது. தினமும் காலையில் மெழுகு. பகல் முழுவதும் விளக்குச் சூடு, ஆவணி மாதப் புழுக்கம், மெழுகுக்கு அடியில் வியர்வை. மாலையில் வீட்டுக்கு வந்து ஸ்பிரிட்டால் துடைப்பாள். மெழுகோடு பொருக்கும் பிய்ந்து வரும். பல்லைக் கடித்துக்கொள்வாள். கேட்டால், "காஞ்சிண்டு வரது" என்பாள். மறுநாள் பச்சைப் புண்ணின் மேல் மறுபடியும் மெழுகு.

கொஞ்ச நாளில் அவள் ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தாள்.

"என்னடி, கதாநாயகிக்கு மேக்கப் போட்டு நீயும் மேம்சாப் ஆயிட்டியா?" என்று அம்மா கேலி செய்தாள். சித்தியும் சிரித்து வைத்தாள். சாம்பார் பட்டால் உயிர் போகும் என்பதை அவள் சொல்லவில்லை. விரல் தடித்திருந்தது. வீக்கத்தை மறைக்க இன்னும் கொஞ்சம் மெழுகு, பக்கத்து விரலும் அதே தடிமனாகத் தெரிய அதிலும் கொஞ்சம். அம்மா ஒருநாள் கையைப் பிடித்துப் பார்க்க வந்தபோது, உருவிக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சித்தியே பின்னால் சொன்னாள். மேக்னாவின் கண்ணுக்குக் கீழே வர்ணத்தை ஒற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். காலையிலிருந்தே காய்ச்சல். நிறுத்தாமல் அழுத்தி ஒற்றினாள். மெழுகு விண்டு, அடியில் கட்டியிருந்த சீழ் மேக்னாவின் கன்னத்தில் வழிந்தது. மேக்னா கண்ணைத் திறந்தாள்.

"இது என்ன, ஜலஜாதி?"

"வர்ணம்தான். கட்டி தட்டிப்போச்சு."

மேக்னா கன்னத்தைத் தொட்டு முகர்ந்து பார்த்தாள். பிறகு சித்தியின் கையைப் பார்த்தாள். எழுந்து ஓடிப்போய் முகத்தைக் கழுவினாள். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது என்றாள் சித்தி. அதற்குள் மேனேஜர் வந்து, "நீங்கள் வீட்டுக்குப் போங்கள், நாங்கள் போன் செய்கிறோம்" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சித்திக்குச் சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. சீழ் எலும்புவரை போயிருந்தது. எவ்வளவோ மருந்து ஏற்றியும் பயனில்லாமல், விரலின் நுனியை முதல் கணுவரை எடுத்துவிட்டார்கள். "மரு எடுத்த இடம் சின்னதுதான். மூச்சுவிட விட்டிருந்தால் தானாக ஆறியிருக்கும்" என்றார் அறுவை சிகிச்சை செய்த டாக்டர். சித்தி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது கட்டு மாற்றுவது நான்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுகிறேன். பழைய துணி ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் உப்பு நீரில் நனைத்து எடுக்கிறேன். டாக்டர் சொன்னதையெல்லாம் சித்தி இப்போது கேட்கிறாள். அரிசி களைவதில்லை, பாத்திரத்தைத் தொடுவதில்லை, மாத்திரையைத் தவறவிடுவதில்லை. மொட்டையாக நிற்கும் நுனியில் வெங்காயச் சருகு மாதிரி புதுத்தோல் வந்துகொண்டிருக்கிறது. சில சமயம் இல்லாத நுனி அரிக்கிறது என்று காற்றைச் சொறிகிறாள். சில நாள் முன்புவரை, போன் அடித்தால் மட்டும் எங்களுக்கு முன்னால் எழுந்துகொண்டிருந்தாள்.

போன வாரம் ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தது. பேசியவன் ரிஷி என்ற இளைஞன். மேக்னாவின் முகத்தை இப்போது அவன்தான் செய்கிறானாம். விளக்கில் அவள் முகம் திட்டுத்திட்டாகத் தெரிகிறது, டைரக்டர் கத்துகிறார், நீங்கள் எதை எதைக் கலந்தீர்கள் திதி என்று கேட்டான். ஸ்பீக்கரில் எல்லாம் எங்களுக்குக் கேட்டது. சொல்லாதே என்று அம்மா கையைக் காட்டினாள்.

சித்தி போனை அருகில் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். எந்த இரண்டு நிறம், எது எவ்வளவு, தாடையில் எது போட்டால் அவளுக்குத் தடிக்கும் என்று ஒன்று விடாமல் வங்காளத்தில் சொன்னாள். அவன் குறித்துக்கொண்டான்.

"நீங்க சீக்கிரம் வந்துடுங்க, திதி" என்றான்.

"எதுக்கு? நீ உக்காந்துட்டியே" என்றாள் சித்தி. அதில் கோபம் இல்லை. அவன் போனை வைத்துவிட்டான்.

"அவனுக்கு எதுக்குடி சொன்னே?" என்று அம்மா கத்தினாள். "அவன் தெரியாம முழிச்சிருந்தா உன்னைத் திரும்பக் கூப்பிட்டிருப்பா!"

"இந்தக் கையை அவ முகத்துக்கிட்ட யாரும் விடமாட்டா, அக்கா. நானே விடமாட்டேன்."

அதற்குப் பிறகு ஸ்டுடியோவிலிருந்து போன் வரவில்லை. வீட்டில் போன் அடித்தாலும் சித்தி இப்போது எழுந்திருப்பதில்லை.